கல்லூரியைத் தேடும் முன் வேலையைப் பாருங்கள்: ஒரு தொழிலை ஆராய்வது எப்படி?

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளிலிருந்து ஜூலை கடைசி வரை கோபியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் யாராவது ஒரு பிள்ளையும் அதன் அம்மாவும் உட்கார்ந்திருப்பார்கள். எட்டு வருடமாக இப்படித்தான். முதல் கேள்வி "எந்தக் காலேஜ் நல்ல காலேஜுங்க?" என்று வரும், அடுத்தது "இதப் படிச்சா வேலை கெடைக்குங்களா?" என்று. அந்த வேலைக்குப் போனால் காலையிலிருந்து மாலை வரை என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

இந்த வழிகாட்டி அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. முதலில் வேலை, அப்புறம் அந்த வேலைக்குள் நுழையும் வாசல், அதற்கும் பிறகுதான் படிப்பும் கல்லூரியும். வரிசையை மாற்றிச் செய்தால் நடுவில் பணம் கட்டிவிடுவோம். கட்டிய பணத்தை நியாயப்படுத்தத்தான் அதன் பிறகு தேடுவோம்.

போன வருடம் வந்த ஒரு பெண்ணின் தேடலை இடையிடையே சொல்கிறேன். பயாலஜி குரூப், எம்.பி.பி.எஸ். கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. சித்தப்பா ஒருவர் "டயாலிசிஸ் டெக்னாலஜி எடு, உடனே வேலை" என்று சொல்லியிருந்தார். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களின் ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்யும் சிகிச்சைதான் டயாலிசிஸ். அவள் கையில் இருந்தது அந்த ஒரு வரி மட்டும்தான்.

தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு 80 பக்க நோட்டு, நெட் உள்ள ஒரு போன், மூன்று வாரம். மூன்று வாரம் ஏன் என்றால், மனிதர்களிடம் பேச நேரம் கேட்டுக் காத்திருக்கவே பத்து நாள் போய்விடும். கவுன்சிலிங் தொடங்கிய பிறகு ஆரம்பித்தால் அந்தப் பத்து நாள் கிடைக்காது. முடிந்தால் பரீட்சை முடிந்த ஏப்ரலிலேயே தொடங்குங்கள்.

நோட்டு கட்டாயம். போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பவர்கள் அதைத் திரும்பப் பார்ப்பதில்லை. ஒரு வேலைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கிக் கையால் எழுதினால், எந்த வேலையைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியவில்லை என்பது காலிப் பக்கமாகக் கண்ணுக்குத் தெரியும்.

1. வீட்டு நிலவரத்தை முதல் பக்கத்தில் எழுதுங்கள்

எத்தனை வருடம் சம்பாதிக்காமல் படிக்க முடியும்? வருடத்துக்கு எவ்வளவு கட்ட முடியும், கடன் வாங்காமல்? வெளியூரில் தங்க வீட்டில் சம்மதமா? நைட் ஷிஃப்ட்? உடம்புக்கு ஏதாவது பிரச்சினை உண்டா, நிறப்பார்வைக் குறை, முதுகுவலி, ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம்?

இதை எல்லோரும் கடைசியில்தான் பேசுகிறார்கள். இரண்டு மாதம் தேடி ஒரு வேலையை மனதில் வைத்த பிறகு "நைட் ஷிஃப்ட்டா, வேண்டாம்" என்று அப்பா சொல்ல, வீட்டில் சண்டை வரும். முதலிலேயே எழுதிவிட்டால் எது நிஜமான தடை, எது பேசிச் சரிசெய்யக் கூடியது என்று பிரிக்க நேரம் இருக்கும். அந்தப் பெண்ணின் பக்கத்தில் இருந்தது மூன்றே வரி: நான்கு வருடம் வரை பரவாயில்லை, வருடத்துக்கு 40,000 ரூபாய், ஈரோடு கோவை சேலம் தாண்டக் கூடாது. மூன்றாவது வரி அவள் அம்மா எழுதியது. பின்னால் அது மாறியது.

2. பட்டியலை நீட்டுங்கள், குறைக்காதீர்கள்

இந்தக் கட்டத்தில் பத்துப் பதினைந்து வேலைகள் வேண்டும். நமக்குத் தெரிந்த வேலைகள் என்பது நம் சொந்தக்காரர்கள் செய்யும் வேலைகளும் டிவியில் வரும் வேலைகளும்தான். இந்திய அரசின் தேசியத் தொழில் வகைப்பாடு என்று ஒன்று இருக்கிறது, 2015 பதிப்பு, என்.சி.ஓ. என்பார்கள். அதில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வேலைகளுக்கு எட்டு இலக்க எண் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி விவரம் எழுதியிருக்கிறார்கள். முதல் இலக்கம் 2 என்றால் அந்தந்தத் துறையின் வல்லுநர்கள், 3 என்றால் டெக்னீஷியன் நிலை, 7 என்றால் கைத்தொழில் வேலைகள், இப்படி. ஒரு வேலையின் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைப் படியுங்கள். ஒரே குணம் கொண்ட வேலைகள் அங்கே பக்கத்துப் பக்கத்து வீடாக இருக்கும்.

இன்னொரு வழி எனக்கு இதைவிடப் பிடிக்கும். ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு அங்கே நடமாடும் ஆட்களை எண்ணுங்கள். அந்தப் பெண்ணிடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரும் நர்ஸும் தவிர யார் யார் என்று கேட்டேன். நான்கு சொல்லி நின்றுவிட்டாள். அப்புறம் பாட்டியோடு செக்கப் போனபோது எழுதி வந்தாள், பத்தொன்பது: எக்ஸ்ரே எடுப்பவர், ரத்தம் எடுப்பவர், கண் பார்வை சோதிப்பவர், ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன், மருத்துவப் பதிவேடு பார்ப்பவர், இன்சூரன்ஸ் டெஸ்க், கருவி பழுதுபார்ப்பவர், இப்படி.

ஆர்வச் சோதனைகள் பற்றிக் கேட்பீர்கள். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட் தளத்தில் 60 கேள்வி கொண்ட ஒன்று இலவசமாக இருக்கிறது, நல்ல சோதனைதான், ஆங்கிலத்தில். அதைப் பட்டியலில் புதிய பெயர்களைச் சேர்க்க மட்டும் பயன்படுத்துங்கள், எதையும் அடிக்க வேண்டாம். பதினேழு வயதில் பார்த்தே இராத வேலையைப் "பிடிக்காது" என்று சொல்லும் பதிலுக்குப் பெரிய மதிப்பு இல்லை.

3. வேலையின் விவரத்தைப் படியுங்கள், வினைச்சொற்களை மட்டும் எழுதுங்கள்

பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் என்.சி.ஓ. பத்தியைப் படியுங்கள். அதற்கு மேல், திறன் பயிற்சிக்காகத் துறை வாரியாகத் தயாரித்த தகுதி ஆவணங்கள் தேசியத் தகுதிப் பதிவேடு என்ற அரசுத் தளத்தில் இருக்கின்றன. டயாலிசிஸ் டெக்னீஷியனுக்கும் உண்டு. பக்கம் பக்கமாக இருக்கும், ஆனால் அந்த வேலையில் இருப்பவர் என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு படியாகச் சொல்லும். ஓ-நெட்டிலும் படிக்கலாம், வேலைச் சூழல் பற்றிய பகுதி அங்கே ரொம்ப நன்றாக இருக்கும். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், கோபமான ஆட்களைச் சமாளிக்க வேண்டுமா என்பது வரை. ஆனால் அங்கே உள்ள சம்பளமும் உரிம விதியும் அமெரிக்காவுக்கானவை, அவற்றை நோட்டில் ஏற்றாதீர்கள்.

படிக்கும்போது வினைச்சொற்களை மட்டும் எழுதுங்கள். சுத்தம் செய்தல், அளத்தல், ஊசி போடுதல், பதிவு செய்தல், நோயாளியிடம் பேசுதல், காத்திருத்தல். "ஆரோக்கியத் துறையில் சிறப்பான எதிர்காலம்" மாதிரியான வரிகளில் வினைச்சொல்லே இருக்காது, அதனால் அவை தானாக உதிர்ந்துவிடும். தினமும் செய்யப்போவது அந்த வினைச்சொற்களைத்தான். பதினைந்தில் ஏழெட்டு இங்கேயே விழும்.

4. இருபது விளம்பரங்களை எண்ணுங்கள்

ஆவணம் சொல்வது ஒன்று, ஆள் எடுப்பவர் கேட்பது இன்னொன்று. மீதியுள்ள ஒவ்வொரு வேலைக்கும் இருபது வேலை விளம்பரம் தேடுங்கள். மத்திய அரசின் என்.சி.எஸ். என்ற வேலைவாய்ப்புத் தளம், தமிழக அரசின் தனியார் துறை வேலைவாய்ப்புத் தளம் இரண்டும் இலவசம். அது போக வழக்கமான வேலைத் தளங்கள், பேப்பர். நோட்டில் கோடு போட்டு ஐந்து கட்டம்: ஊர், கேட்கும் படிப்பு, கேட்கும் அனுபவம், ஷிஃப்ட், சம்பளம்.

இருபது ஏன்? இரண்டு மூன்று பார்த்தால் கண்ணில் பட்ட நல்ல விளம்பரம் மனதில் ஒட்டிக்கொள்ளும். இருபதில்தான் வழக்கம் தெரியும். பதினாறு விளம்பரம் சென்னை, பெங்களூரு என்று இருந்தால், அந்த வேலையை எடுப்பதும் ஊரை விட்டுப் போவதும் ஒரே முடிவு என்று அர்த்தம். பதினான்கு பேர் இரண்டு வருட அனுபவம் கேட்டால், அந்த முதல் இரண்டு வருடத்தை எங்கே சம்பாதிப்பது என்பதே அடுத்த கேள்வி.

புதியவர்கள் இங்கே இரண்டு இடத்தில் தடுமாறுகிறார்கள். ஒன்று, பதவிப் பெயரை நம்புவது. "பிசினஸ் டெவலப்மென்ட் எக்ஸிக்யூட்டிவ்" என்று இருக்கும், உள்ளே படித்தால் நாள் முழுக்கப் போனில் கூப்பிட்டு விற்கும் வேலை. பெயரை விட்டுவிட்டு உள்ளே உள்ள வினைச்சொற்களைப் பாருங்கள். இரண்டு, பயிற்சிக் கட்டணம், டெபாசிட், சீருடைப் பணம் என்று எதையாவது முதலில் கட்டச் சொல்லும் விளம்பரத்தையும் கணக்கில் சேர்ப்பது. அதை வேலை என்று எண்ண வேண்டாம், அடித்துவிடுங்கள்.

அரசு வேலை மனதில் இருந்தால் டி.என்.பி.எஸ்.சி. அல்லது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பழைய அறிவிப்புகளை எடுத்து, காலியிட எண்ணிக்கை, தகுதி, ஊதிய நிலை இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள். முக்கியமாக, ஒரு அறிவிப்புக்கும் அடுத்ததுக்கும் எத்தனை வருட இடைவெளி என்று குறியுங்கள். அந்த இடைவெளியில் எதைச் செய்து சாப்பிடுவது என்பதும் திட்டத்துக்குள் வர வேண்டும்.

5. பணக் கணக்கைக் கைக்கு வரும் தொகையில் போடுங்கள்

விளம்பரத்தில் வருடம் 3 லட்சம் சி.டி.சி. (உங்களுக்காக நிறுவனம் செலவழிக்கும் மொத்தத் தொகை) என்று இருந்தால் வீட்டில் மாதம் 25,000 என்று கணக்குப் போடுகிறார்கள். ஒரு உதாரணம் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, அதாவது 12,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 1,500 ரூபாய், அந்த 25,000-க்குள்ளேயே இருக்கும். வேலையை விடும்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு 600 ரூபாய் போல ஒதுக்கியிருப்பார்கள். உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,500. கைக்கு வருவது சுமார் 21,400. தொழில் வரியும் இன்சூரன்ஸும் இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். பி.எஃப். உங்கள் பணம்தான், எங்கேயும் போகாது, ஆனால் அடுத்த மாத வாடகைக்கு உதவாது.

அந்த 21,400-இல் நான்காவது படியில் எழுதிய ஊரின் ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, ஊருக்கு வந்து போகும் பஸ் செலவைக் கழியுங்கள். மீதிதான் அந்த வேலையின் முதல் வருடச் சம்பளம்.

முதல் வருடத்தை மட்டும் பார்ப்பதும் தப்பு. லிங்க்ட்இன்னில் அந்தப் பதவியில் பத்து வருடம் முன்பு சேர்ந்தவர்களைத் தேடி இப்போது என்னவாக இருக்கிறார்கள் என்று பாருங்கள். பத்துப் பேரில் ஏழு பேர் அதே பதவியில் இருந்தால் ஒரு சேதி, ஏழு பேர் வேறு துறைக்குப் போயிருந்தால் அது இன்னொரு சேதி. இரண்டுமே ஆறாவது படியில் கேட்க வேண்டிய கேள்விகள்.

6. மூன்று பேரிடம் பேசுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஆனால் முந்தைய ஐந்தையும் முடித்துவிட்டு வந்தால் பலன் பல மடங்கு, ஏனென்றால் இணையத்தில் கிடைப்பதைக் கேட்டு அவர்கள் நேரத்தை வீணாக்க மாட்டீர்கள். விஷயம் தெரிந்து கேட்கிறவருக்கு மனிதர்கள் வேறு மாதிரி பதில் சொல்வார்கள்.

மூன்று பேர் யார்? சேர்ந்து ஒன்றிரண்டு வருடம் ஆன ஒருவர், பத்து வருடம் தாண்டிய ஒருவர், அந்த வேலையை விட்டுப் போன ஒருவர். புதியவருக்கு நுழையும் வழி நினைவில் இருக்கும். மூத்தவருக்கு உடம்பும் குடும்பமும் என்ன விலை கொடுத்தன என்று தெரியும். விட்டுப் போனவரிடம் மறைக்க எதுவும் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் கல்லூரி நடத்துபவரிடமோ அட்மிஷன் ஏஜென்ட்டிடமோ பேசிவிட்டு விசாரித்ததாக நினைக்கிறார்கள். அவர்கள் இந்த மூன்றில் யாரும் இல்லை.

அறிமுகம் இல்லாதவருக்கு அனுப்பும் செய்தி சின்னதாக, தெளிவாக இருக்கட்டும். அந்தப் பெண் அனுப்பியது இது: "வணக்கம் அக்கா. நான் பிளஸ் டூ முடித்திருக்கிறேன், டயாலிசிஸ் படிக்கலாமா என்று யோசிக்கிறேன். வேலையோ சிபாரிசோ கேட்கவில்லை. உங்கள் வேலை நாள் எப்படிப் போகும் என்று பதினைந்து நிமிடம் கேட்டுக்கொள்ள முடியுமா? உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொன்னால் கூப்பிடுகிறேன்." ஐந்து பேருக்கு அனுப்பினாள், இரண்டு பேர் பதில் தந்தார்கள். "வேலை கேட்கவில்லை" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்பினால் எல்லோரும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

"இது நல்ல வேலையா?" என்று கேட்காதீர்கள். நல்லதுதான், பரவாயில்லை, இதில் ஒன்றுதான் வரும். நடந்ததைக் கேளுங்கள். நேற்று டியூட்டிக்குப் போனதும் முதலில் என்ன செய்தீர்கள்? அதற்கு அடுத்து? கடைசியாக எப்போது "ஏன்தான் இந்த வேலைக்கு வந்தோம்" என்று தோன்றியது, அன்றைக்கு என்ன நடந்தது? உங்கள் கூடச் சேர்ந்தவர்கள் இப்போது எங்கே? உங்கள் தங்கை இதில் சேரப்போகிறேன் என்றால் எதைப் பார்த்துவிட்டுச் சேரச் சொல்வீர்கள்?

ஈரோட்டில் வேலை பார்க்கும் ஒரு டெக்னீஷியன் அக்கா அவளிடம் ஸ்பீக்கரில் பேசினார், நானும் கேட்டேன். முதல் ஷிஃப்ட் நோயாளிகள் ஆறு மணிக்கு வந்துவிடுவார்கள், அதனால் ஐந்தரைக்கே மெஷினை ஆன் செய்துவிட வேண்டும். ரத்தத்தை வடிகட்டும் டயாலைசரை மாட்டி, டியூபில் சலைன் ஓடவிட்டு, காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் தட்டித் தட்டி வெளியேற்ற வேண்டும். நோயாளியை எடை பார்க்க வேண்டும், போன முறையைவிட எத்தனை கிலோ நீர் ஏறியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அன்றைய கணக்கு. கையில் ஃபிஸ்டுலாவில், அதாவது டயாலிசிஸுக்காகவே ஆபரேஷன் செய்து இணைத்த ரத்தக்குழாயில், இரண்டு ஊசி. நான்கு மணி நேரம், அடிக்கடி பி.பி. "இதெல்லாம் ஆறு மாசத்துல கை பழகிரும் கண்ணு" என்றார். "வாரத்துக்கு மூணு தடவை அதே ஆளுங்க வருவாங்க. பேரன் பொறந்தது, பொண்ணு கல்யாணம் எல்லாம் நம்மகிட்டத்தான் சொல்லுவாங்க. ஒரு நாள் அந்தக் கட்டில் காலியா இருக்கும். அடுத்த வாரம் அதுல வேற ஒருத்தர் படுத்திருப்பாரு. அதுக்கு மட்டும் எனக்கு ஒம்பது வருசமாப் பழகல."

எந்த ஆவணத்திலும் இந்த வரி இல்லை. அந்தப் பெண் அன்று இரவு அதை அப்படியே நோட்டில் எழுதினாள்.

பேசி முடித்த உடனே, அன்றைக்கே எழுதிவிடுங்கள். மறுநாள் நன்றி சொல்லி இரண்டு வரி அனுப்புங்கள். "வேறு யாரிடம் பேசலாம்?" என்று கடைசியில் கேட்க மறக்க வேண்டாம், மூன்றாவது ஆள் பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கிறார்.

7. ஒரு நாள் பக்கத்தில் இருந்து பாருங்கள்

கேட்டதும் பார்த்ததும் ஒன்றல்ல. மெக்கானிக் ஷெட், அச்சகம், ஆடிட்டர் ஆபீஸ், செடி நர்சரி, பேக்கரி போன்ற இடங்களில் ஒரு நாள் இருக்கட்டுமா என்று நேரில் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். சட்டம் படிக்க நினைப்பவர் அருகில் உள்ள கோர்ட்டுக்குப் போகலாம். பொதுவாக விசாரணைகள் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கும், பின் பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்து பார்க்கத் தடையில்லை. சினிமாவில் பார்த்த வாதம் அங்கே இருக்காது, வாய்தா வாங்குவதும் கேஸ் கட்டைப் புரட்டுவதும் காத்திருப்பதும்தான் அதிகம். அதைப் பார்த்த பிறகும் பிடித்திருந்தால் தாராளமாகப் போங்கள்.

ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் உள்ளே விட மாட்டார்கள், விடவும் கூடாது, நோயாளிகளின் அந்தரங்கம் அது. அங்கே ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எதிரே உள்ள டீக்கடையில் அரை மணி நேரம் உட்காருங்கள். வேலை முடிந்து வருகிறவர்கள் எப்படி நடந்து வருகிறார்கள், என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதே நிறையச் சொல்லும்.

8. வாசலைச் சரிபாருங்கள்

இப்போதுதான் படிப்பு. பட்டியலில் இரண்டு மூன்று வேலைதான் மிஞ்சியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள்: சட்டப்படி எந்தத் தகுதி இல்லாமல் இதைச் செய்ய முடியாது? அந்தத் தகுதியை அங்கீகரிப்பது யார்? நான் சேரப்போகும் இடம் அவர்கள் பட்டியலில் இருக்கிறதா?

எங்கள் சொந்தத்தில் ஒரு பையன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் இருந்த ஒரு நிறுவனத்தில் பாராமெடிக்கல் டிப்ளமோ என்று 70,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தான். சான்றிதழ் பளபளவென்று இருந்தது. இன்டர்வியூவுக்குப் போன ஆஸ்பத்திரியில் எந்தப் பல்கலைக்கழகம், எந்த வாரியம் என்று கேட்டார்கள், பதில் இல்லை. சேரும் முன் ஒரு மணி நேரம் செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும். அதற்கு அவனை நான் குறை சொல்ல மாட்டேன், அப்படிப் பார்க்க வேண்டும் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

துணை மருத்துவத் துறைக்கு 2021-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. துணை மருத்துவப் பணியாளர் என்ற தகுதிக்கு இரண்டு முதல் நான்கு வருடத்தில் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்று அது சொல்கிறது. ஆறு மாதத்தில் டெக்னீஷியன் ஆக்குகிறோம் என்பவரை இந்த ஒரு எண்ணை வைத்தே எடைபோடலாம். தமிழ்நாட்டில் இந்தத் துறைப் பட்டப்படிப்புகளுக்கு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிப் பட்டியலை அதன் தளத்திலேயே பாருங்கள், கல்லூரியின் நோட்டீஸில் உள்ளதை நம்பாதீர்கள். ஐ.டி.ஐ. என்றால் என்.சி.வி.டி. (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) அல்லது எஸ்.சி.வி.டி. (மாநிலத் தொழிற்பயிற்சிக் குழு) அங்கீகாரம். மற்ற பட்டங்களுக்கு யு.ஜி.சி., அது வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலையும் சேர்த்துப் பாருங்கள். சேர்க்கை விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, அதனால் அந்த வருடக் கையேட்டை மட்டும் எடுங்கள். போன வருடம் சேர்ந்த அண்ணன் சொன்னது போன வருடத்துக்குச் சரி.

படிக்காமலே நுழையும் வாசலும் உண்டு. 1961 அப்ரெண்டிஸ் சட்டத்தின் கீழ் உதவித்தொகையோடு பயிற்சி கிடைக்கும், டிப்ளமோவோ டிகிரியோ முடித்தவர்களுக்கும் இருக்கிறது. ஏதோ ஒன்றைப் படித்துவிட்டு இப்போது திசை மாற நினைப்பவர்கள் இதை முதலில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்கு நேரில் போகலாம். பதிவு செய்யும் ஆபீஸ் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், வழிகாட்டுவதும் அவர்கள் வேலைதான்.

9. ஒன்றை எடுங்கள், இரண்டாவதைக் கையில் வையுங்கள்

மிஞ்சிய வேலைகளை எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதி முதல் பக்கத்தில் எழுதிய வீட்டு நிலவரத்தோடு ஒப்பிடுங்கள். மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டாம், பிடித்ததுக்கு அதிக மதிப்பெண் கொடுத்து நம்மையே ஏமாற்றிக்கொள்வோம். ஒவ்வொரு வேலையிலும் ரொம்பக் கஷ்டமான ஒரு விஷயம் எது என்று மட்டும் எழுதுங்கள். எந்தக் கஷ்டத்தை என்னால் வருடக்கணக்கில் தாங்க முடியும் என்று கேளுங்கள். ஒரு தேதி குறித்து அன்றைக்கு முடிவு செய்யுங்கள். தேதி இல்லாவிட்டால் கவுன்சிலிங் தேதி நமக்காக முடிவு செய்துவிடும்.

அந்தப் பெண்ணிடம் கடைசியில் இருந்தவை இரண்டு, கண் பரிசோதனைக்கான ஆப்டோமெட்ரியும் டயாலிசிஸும். ஒன்றின் எதிரே "ஒரே கேள்வியை நாள் முழுக்கக் கேட்க வேண்டும்" என்று எழுதியிருந்தாள். இன்னொன்றின் எதிரே "காலிக் கட்டில்". இரண்டு நாள் யோசித்து டயாலிசிஸை எடுத்தாள், சித்தப்பா சொன்னதற்காக இல்லை. அம்மா எழுதிய மூன்றாவது வரியில் சென்னையும் சேர்ந்தது, அந்த ஈரோட்டு அக்காவிடம் அம்மாவே பேசிய பிறகு.

நோட்டைத் தூக்கிப் போடவில்லை. ஆப்டோமெட்ரிப் பக்கத்தில் அந்த வருடக் கடைசிச் சேர்க்கைத் தேதியும், மூன்று பேரின் நம்பரும், "முதல் செமஸ்டர் முடிந்ததும் திரும்பப் படி" என்ற வரியும் இருக்கின்றன.